கைக்குத் தெரிந்த கார்

இன்றைய பேச்சின் பொருள் காருக்குள் கையும் காலும் தொடுகிற பொருள்கள். எஞ்சினின் சக்தியைப் பற்றிப் பேச ஆள் உண்டு. மைலேஜைப் பற்றிப் பேச ஊரே உண்டு. பிரேக் ஏன் நடுவில் இருக்கிறது, கியர்த் தண்டு ஏன் ஒரு காலத்தில் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பின்பெட்டிக்கு ஏன் டிக்கி என்று பெயர் வந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு. ஆனால் ஓட்டுகிறவர் நாள் முழுக்க உறவாடுவது இவற்றோடுதான்.

பல ஆண்டுகள் மாருதி ஓட்டிப் பழகிய ஒருவர், ஒருநாள் நண்பரின் ஐரோப்பியக் காரை ஓட்டுகிறார். வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலக்கை வழக்கம்போல் ஸ்டியரிங்கின் வலப்பக்கத்து லிவரைத் தட்டுகிறது. வெயில் கொளுத்தும் நடுப்பகலில் வைப்பர் எழுந்து காய்ந்த கண்ணாடியைக் கிறீச்சென்று தேய்க்கிறது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு இந்தக் கார் திரும்பப்போவது தெரியவே இல்லை. யாருடைய பிழை இது? ஓட்டியவர் கவனமாகத்தான் இருந்தார். காரிலும் கோளாறு இல்லை. கை தான் கற்றதைச் செய்தது. அந்தக் காரை வடிவமைத்தவர் வேறொரு கைக்காக அதை வடிவமைத்திருந்தார்.

காரின் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. காரணம் மறைந்த பிறகும் கை அதை நினைவில் வைத்திருந்தது. கார் வடிவமைப்பின் வரலாற்றில் பாதி இந்த நினைவின் வரலாறு.

முதலில் காலடியில் இருப்பவற்றைப் பார்ப்போம். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்ற வரிசை இன்று இயற்கையின் விதி போலத் தோன்றுகிறது. எல் போர்டு மாட்டிய காரில் முதல்நாள் உட்காருகிறவருக்குப் பயிற்சி ஆசிரியர் சொல்லும் முதல் பாடம் அதுதான். இந்த வரிசை பிறக்கும்போதே இப்படி இருந்ததா? இல்லை. 1908இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட மாடல் டி காரிலும் மூன்று மிதிகள் இருந்தன. ஆனால் வலதுகோடி மிதி பிரேக். நடு மிதி ரிவர்ஸ். இடக்கோடி மிதியை முழுக்க அழுத்தினால் கீழ் கியர், பாதி அழுத்தினால் நியூட்ரல், காலை எடுத்துவிட்டால் மேல் கியர். ஆக்ஸிலேட்டர் எங்கே? அது காலடியிலேயே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே விரலால் நகர்த்தும் சிறு லிவராக இருந்தது. இன்றைய ஓட்டுநர் அந்தக் காரில் ஏறிப் பதற்றத்தில் நடு மிதியை மிதித்தால், நிற்க வேண்டிய வண்டி பின்னால் இழுக்கும்.

1927 வரை அந்தக் கார் சுமார் 1 கோடியே 50 லட்சம் செய்யப்பட்டது. அத்தனை வண்டிகளையும் அந்த மிதிகளோடுதான் ஓட்டினார்கள். அதன் இன்னொரு விசித்திரம் மேட்டில் ஏறும்போது வெளிப்பட்டது. நெடுங்காலம் அதன் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கைக்கு அடியில்தான் இருந்தது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையாலேயே வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில் வண்டியின் மூக்கு உயர்ந்தால் எஞ்சின் தொட்டிக்கு மேலே போய்விடும், பெட்ரோல் வராது. தொட்டியில் எண்ணெய் குறைவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். என்ன செய்தார்கள்? வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேறினார்கள். ரிவர்ஸ் கியர் இழுவையிலும் மற்றவற்றைவிட வலுவாக இருந்ததால் அது இரட்டை நன்மையாயிற்று. கழுத்தைத் திருப்பியபடி பின்பக்கமாக மலையேறும் மனிதரை இன்று கற்பனை செய்தால் விந்தையாக இருக்கும். அன்றைக்கு அது ஓட்டத் தெரிந்தவரின் அடையாளம்.

இன்றைய ஒழுங்கு எப்போது வந்தது? 1916இல் அமெரிக்காவின் காடிலாக் டைப் 53 காரில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் ஆகிய மூன்றும் இன்றைய வரிசையில் அமைந்தன. கியர்த் தண்டும் கைப்பிரேக்கும் இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே வந்தன. ஆனால் அது பணக்காரர் கார். 1922இல் பிரிட்டனில் வந்த ஆஸ்டின் 7 என்ற சின்னஞ்சிறு கார்தான் அந்த ஒழுங்கைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது.

வண்டியைக் கிளப்புவதும் அன்று ஒரு கைவேலை. முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, எஞ்சினைச் சுற்றிவிட வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் இதை ‘ஹேண்டில் போடுவது’ என்பார்கள். இதில் ஒரு கண்டிப்பான பாடம் உண்டு. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்கு எதிராக மடக்கக் கூடாது. ஐந்தும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் சில நேரம் எதிர்த்து உதைக்கும். அப்போது கைப்பிடி கையை விட்டு நழுவிப் போக வேண்டும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் விரலோ மணிக்கட்டோ முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் கார்களில் வந்தபோது இந்த ஆபத்து நீங்கத் தொடங்கியது. தோள்வலு இல்லாதவர்களும் கார் ஓட்டலாம் என்ற நிலை பிறந்தது அப்போதுதான். எஞ்சின் வேகத்தைப் பெருக்கிய எந்தக் கண்டுபிடிப்பையும்விட அந்தச் சிறு மோட்டாருக்குப் பெரிய இடம் தர வேண்டும்.

ஆனாலும் ஹேண்டில் உடனே போய்விடவில்லை. இந்தியாவின் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அது நெடுங்காலம் இருந்தது. பேட்டரி படுத்துவிட்ட காலைகளில் அது கைகொடுத்தது. ஹேண்டிலும் உதவாவிட்டால் தெருவே உதவிக்கு வரும். “அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க” என்ற ஒரு குரல் போதும். டீக்கடையில் நின்ற நான்கு பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வருவார்கள். உள்ளே இருப்பவர் கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டு வைத்திருப்பார். வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விடுவார். சக்கரம் எஞ்சினைச் சுற்ற, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உறுமும். ஏன் இரண்டாவது கியர்? முதல் கியரில் சக்கரம் எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்ற முயன்று இறுகி நின்றுவிடும். மேல் கியரில் எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றாது. தள்ளியவர்களில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓட்டுநரின் காலுக்குத் தெரிந்திருந்தது.

இனி அம்பாசடரிடம் வருவோம். கையும் காலும் காரோடு எப்படிப் பேசின என்பதற்கு இந்தியாவில் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

பிரிட்டனில் கௌலி என்ற இடத்தில் செய்யப்பட்ட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம்தான் அம்பாசடர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் அதைச் செய்யத் தொடங்கி 2014 மே வரை செய்தது. மூலக் கார் தன் நாட்டில் சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. இங்கே அதன் உடல்வாகு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. முகமும் விளக்கும் மாறின, எஞ்சின்கள் மாறின, உருண்டைத் தோள்களும் உயர்ந்த கூரையும் மாறவில்லை.

அதன் கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் இடப்பக்கம் இருந்தது. ஏன் தரையில் இல்லை? 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்கள் கியர்த் தண்டைத் தரையிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றின. முன்பக்கம் ஒரே நீள இருக்கை போட்டு மூவரை உட்காரவைக்க வேண்டுமென்றால் நடுவில் தண்டு நிற்கக் கூடாது. அந்த ஏற்பாடுதான் பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இந்தியா அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. கல்யாணத்துக்குப் போகும் அம்பாசடரில் முன்னால் ஓட்டுநரோடு மூன்று பேர், சில சமயம் மடியில் ஒரு குழந்தை. பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுவது வழக்கமில்லை. பாதுகாப்பு என்ற கண்ணோடு பார்த்தால் அது சரியல்ல. ஆனால் ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே நடையில் கோயிலுக்குக் கொண்டுபோன வண்டி அது. அந்த நன்றி அந்தத் தலைமுறைக்கு இன்னமும் இருக்கிறது.

ஸ்டியரிங் கியருக்கு ஒரு குறையும் உண்டு. கையில் இருக்கும் தண்டுக்கும் கீழே இருக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே பல இணைப்புக் கம்பிகள் உண்டு. அவை தேயத் தேயத் தண்டு ஆடத் தொடங்கும். ஒருநாள் இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஓட்டுநர் அலட்டிக்கொள்ள மாட்டார். இறங்குவார், போனட்டைத் திறப்பார், இணைப்பைக் கையால் ஓர் அசைப்பு அசைத்து விடுவிப்பார், மறுபடி ஏறுவார். பட்டறைக்குப் போக வேண்டிய வேலை சிக்னலில் பச்சை விழுவதற்குள் முடிந்துவிடும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்த வண்டி அது. அந்த வெளிப்படையான தன்மை இன்றைய கார்களில் இல்லை. அது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

முதல் கியரில் இன்னொரு பாடம். அந்தக் காலத்துக் கியர்ப்பெட்டியில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு மட்டுமே சின்க்ரோமெஷ் இருந்தது; அதாவது சுழலும் இரு பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திக்கொடுக்கும் அமைப்பு. முதல் கியருக்கு அது இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் பற்கள் கடகடவென்று கடிக்கும். அதற்கு டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து எஞ்சின் வேகத்தை உயர்த்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். வாயால் சொல்ல இவ்வளவு நேரமாகிறது. தேர்ந்த ஓட்டுநர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிப்பார். எஞ்சினின் குரலைக் கேட்டே எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று அறிவார்.

இந்தத் திறமை எங்கே தேவைப்பட்டது? மலைப்பாதையில். வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36, கொல்லிமலைக்கு 70. வளைவின் உள்விளிம்பில் வண்டி இழுக்காமல் திணறும்போது முதல் கியர் விழுந்தே ஆக வேண்டும். விழாவிட்டால் வண்டி பின்னால் நழுவும். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற சாலைவிதி எழுந்ததன் நியாயம் இதுதான். ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் காலத்து ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிவார். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற சொல்லும் அங்கே பிறந்ததுதான். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் டிரம் சூடேறிப் பிடி தளராது.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதிக்கும். ஏன்? வண்டி மெதுவாக ஏறுகிறது. அதனால் முன்பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று குறைவு. எஞ்சினோ முழு பலத்தோடு உழைக்கிறது. அதனால் வெப்பம் அதிகம். அதோடு, உயரம் ஏற ஏறத் தண்ணீர் விரைவில் கொதிக்கும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அந்தக் கொதிநிலையை உயர்த்தத்தான். அவசரப்பட்டு அதைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளிருக்கும் நீர் ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஆகவே ஓரத்தில் நிறுத்தி, போனட்டைத் தூக்கிவிட்டு, பயணிகளை இறக்கி உலாவவிட்டு, ஓட்டுநர் காத்திருப்பார். பிறகு கந்தைத் துணியை மடித்துப் போட்டு மூடியைக் கால் திருப்பு திருப்பி ஆவியை விடுவார். அதன்பின்பே கேனிலிருந்து தண்ணீர். குழந்தைகளுக்கு அந்த அரைமணி நேரம்தான் பயணத்தின் இனிய பகுதி.

சமவெளியில் கோடைக்கு வேறொரு தொல்லை இருந்தது. அன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் எஞ்சினோடு ஒட்டியிருந்தது. சித்திரை வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்கும். வண்டி இருமி இருமி நிற்கும். மருந்து என்ன? பம்பின் மேல் ஒரு ஈரத்துணி. துணி காய்வதற்குள் ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலாகும். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே விதிதான். இன்றைய கார்களில் பம்ப் தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்புவதால் அந்த நோய் மறைந்தது, ஈரத்துணியும் மறைந்தது.

இன்னும் இரண்டு சின்னஞ்சிறு பொருள்களைச் சொல்லாமல் அம்பாசடரை விட முடியாது. ஒன்று, முன்கதவின் முக்கோணக் கண்ணாடி. அதை விரலால் ஒரு திருப்பு திருப்பினால் வெளிக்காற்று வளைந்து நேராக மார்பில் அடிக்கும். ஏ.சி. இல்லாத காலத்தில் அதுதான் ஏ.சி. மற்றொன்று, கிளட்சுக்கு இடப்புறம் தரையில் இருந்த வட்டப் பொத்தான். இரவில் எதிரே வண்டி வந்தால் இடக்கால் அதை ஒரு மிதி மிதிக்கும். முகப்பு விளக்கு டிம் ஆகும். வண்டி கடந்ததும் இன்னொரு மிதி, விளக்கு பிரகாசமாகும். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே வேண்டாம். கிளட்சை மிதிக்காத நேரத்தில் இடக்காலுக்கு வேறு வேலையும் இல்லை. இதைவிட நியாயமான இடம் அந்த ஸ்விட்சுக்கு உண்டா? நெடுஞ்சாலை இரவுகளில் எதிர்வண்டிக்கு டிம் அடித்து வழிகொடுப்பது ஒரு மரியாதையாக இருந்தது. அந்த மரியாதை காலின் பழக்கத்தில் இருந்தது. பிறகு அந்த ஸ்விட்ச் ஸ்டியரிங் லிவருக்கு ஏறிவிட்டது. விளக்குகள் இன்று பல மடங்கு பிரகாசமாகிவிட்டன. டிம் அடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது இரவில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரின் வருத்தம்.

அம்பாசடரோடு கூடவே ஓடியது ஃபியட். மும்பையின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் 1100, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. ஊர் மட்டும் கடைசிவரை ஃபியட் என்றே அழைத்தது. 1,089 சி.சி. எஞ்சின், இதிலும் ஸ்டியரிங் கியர். அம்பாசடரைவிடச் சிறியது, லேசானது. தானே ஓட்டிக்கொள்ளும் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பிடித்தது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக அது ஓடிய காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. இதற்கு முந்தைய ஃபியட் 1100 மாடல்களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருந்தது. கதவு முன்னாலிருந்து பின்னோக்கித் திறக்கும். வேட்டியோ சேலையோ கட்டியவர் ஏறி இறங்க அது எத்தனை வசதி! ஆனால் ஓடும்போது தாழ்ப்பாள் நழுவினால், எதிர்க்காற்று கதவை மூடாமல் பிடித்து முழுக்கத் திறந்துவிடும். அந்த ஆபத்துக்காகவே அது கைவிடப்பட்டது. வசதியைவிட உயிர் பெரிது. அந்த மாற்றம் சரியானதே.

மூன்றாவது கார் சென்னையின் சொந்தக் கார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961இலிருந்து செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனத்துக்காக வரைந்த வண்டி அது. அதன் போனட்டைத் திறப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூடி மட்டும் திறக்காது. இருபக்க மட்கார்டும் முகப்பு விளக்கும் சேர்த்து, வண்டியின் முகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதைவிடப் பெரிய அதிசயம் அது திரும்பும் வட்டம்: 25 அடி. முன்சக்கரங்கள் அவ்வளவு கூர்மையாக வளையும். மயிலாப்பூரின் குறுகிய தெருவில் மற்ற கார்கள் முன்னும் பின்னும் மூன்றுமுறை எடுத்துத் திரும்பும் இடத்தில் ஹெரால்டு நின்ற இடத்திலேயே சுழல்வதுபோல் திரும்பிவிடும். விலையும் குதிரைசக்தியும் எழுதப்படும் விளம்பரத்தில் இந்த ஒன்று பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தினமும் சந்துக்குள் வண்டி எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய குணம் எது?

இங்கே சொற்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வடிவம் மறைந்தாலும் பெயர் நிற்கும். பழைய கார்களில் பின்மூடியைத் திறந்தால் திறந்தவெளியில் ஓர் உபரி இருக்கை இருக்கும். பிரிட்டிஷார் அதை டிக்கி சீட் என்றார்கள். இருக்கை போய்ப் பெட்டியானது. தமிழில் டிக்கி மட்டும் நிலைத்தது. உபரிச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. அங்கே 1904இல் டேவீஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேல் மாட்டி ஓட்டும் ஆரக்கால் இல்லாத உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அதற்குமுன் காரில் உபரிச் சக்கரமே இருக்காது. அந்தத் தெருவின் பெயரை ஆங்கிலேயரே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். உசிலம்பட்டியிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் அது தினமும் ஒலிக்கிறது. டேஷ்போர்டு குதிரைவண்டியின் சொல். குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர்மேல் படாமல் முன்னால் நிறுத்திய பலகை அது. கிராமத்துப் பெரியவர்கள் காரைப் ‘பிளசர்’ என்பார்கள். சரக்கு ஏற்றாமல் இன்பப் பயணத்துக்கென்றே இருந்த வண்டி என்பதால் வந்த பெயர். தமிழ் அறிஞர்கள் தந்த மகிழுந்து என்ற சொல்லும் அதே பொருளைத்தான் சொல்கிறது. புலவரும் உழவரும் ஒரே பெயரில் வந்து சந்தித்த அழகு அது.

சொற்களிலிருந்து மறுபடி கார்களுக்கு வருவோம். 1983 டிசம்பர் 14 அன்று குர்கானில் முதல் மாருதி 800 வாடிக்கையாளர் கைக்குச் சென்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அதன் 12 அங்குலச் சக்கரம் பொம்மைபோல் தோன்றியது. ஆனால் இந்தியக் கைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பியது அந்தப் பொம்மைதான். கியர் தரைக்கு இறங்கியது. நீள இருக்கை போய்த் தனித்தனி இருக்கை வந்தது. முன்னால் மூன்றாமவருக்கு இடமில்லை. இருபது வருடம் ஸ்டியரிங்கில் கியர் போட்ட கை, தரையில் இருக்கும் தண்டைத் தேடாமல் வெறும் காற்றில் கியர் போட்டது. மெல்ல மெல்லக் கை மாறியது. லேசான ஸ்டியரிங்கும் காலுக்கு இதமான கிளட்சும் இருந்ததால், டிரைவர் வைத்துக்கொள்ளாத குடும்பங்களில் பெண்களும் ஓட்டத் தொடங்கினார்கள். இது வெறும் பொறியியல் செய்தி அல்ல.

ஒவ்வொரு நாட்டு வடிவமைப்பிலும் இப்படி ஏதாவது ஒரு விசித்திரம் கிடைக்கும். ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கம் வரை பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே கிடையாது. வண்டி இருமத் தொடங்கினால் காலால் ஒரு திருகைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். அதன் கண்ணாடியைக் கழுவும் நீரைப் பீய்ச்சியது ஸ்டெப்னி டயரின் காற்று. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரில் பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கு மேலேயே இருந்தது. அளவு பார்க்கக் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள்.

பெட்ரோலைப் பற்றிப் பேசும்போது ஒரு நல்ல மனிதரின் யோசனையைச் சொல்ல வேண்டும். பெட்ரோல் மூடி சில கார்களில் இடப்பக்கம், சில கார்களில் வலப்பக்கம். புதிய காரை எடுத்துக்கொண்டு பங்குக்குப் போனால் “அந்தப் பக்கம் சுத்தி வாங்க சார்” என்று கேட்காதவர் யார்? 1986இல் ஃபோர்டின் பொறியாளர் ஜிம் மொய்லன் அலுவலகக் கார் ஒன்றுக்கு எண்ணெய் போடப் போய், மூடி மறுபக்கம் இருந்ததால் மழையில் நனைந்தார். திரும்பியதும் ஒரு குறிப்பு எழுதினார்: பெட்ரோல் முள்ளின் பக்கத்தில், மூடி இருக்கும் திசையைக் காட்டும் சிறு அம்புக்குறி போட்டால் என்ன? 1989 மாடல் கார்களில் அது வந்தது. இன்று உலகெங்கும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அந்த அம்புக்குறியைப் பார்க்காமலே பத்து வருடம் ஓட்டியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். இன்று வீட்டுக்குப் போகும்போது பார்க்கலாம்.

இப்போது மறுபடி அந்த இண்டிகேட்டரிடம் வருவோம். இந்தியாவிலும் ஜப்பானிலும் ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடக்கையில். திரும்பும் நேரத்தில் இடக்கை கியர் மாற்றும். வலக்கை சும்மா இருக்கும். ஆகவே இண்டிகேட்டர் வலப்பக்கம் இருப்பதே நியாயம். ஜப்பானியக் கார்களும் அவற்றின் வழிவந்த மாருதியும் அப்படித்தான். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில், ஆகவே இண்டிகேட்டர் இடப்பக்கம். அதுவும் நியாயமே. சிக்கல் எங்கே? அந்த ஐரோப்பியக் கார் இந்தியாவுக்கு வரும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் மாறுகிறது, லிவர் மாறுவதில்லை. தனியாக ஒரு லிவர் அமைப்பு செய்வது செலவு. அந்தச் செலவை மிச்சப்படுத்தியதன் விலையை இந்திய ஓட்டுநரின் இடக்கை இரட்டை வேலையாகச் செலுத்துகிறது.

ரிவர்ஸ் கியருக்கும் இதே கதை. சில கார்களில் அது ஐந்தாவது கியருக்குப் பக்கத்தில் வலது கீழ் மூலை. சிலவற்றில் முதல் கியருக்குப் பக்கத்தில் இடது மேல் மூலை. இரண்டாவது வகையில் சிக்னலில் அவசரமாக முதல் கியர் போடுகிறவர் ரிவர்ஸைப் போட்டுவிடலாம். அதைத் தடுக்கத் தண்டின் கழுத்தில் ஒரு வளையம் வைத்தார்கள். அதை விரலால் மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். கையை ஒரு கணம் நின்று யோசிக்கவைக்கும் நல்ல பூட்டு அது.

பார்வையும் மாறிவிட்டது. அம்பாசடரின் முன்கண்ணாடித் தூண்கள் மெலிந்தவை. இன்றைய தூண்கள் தடித்தவை. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்க வேண்டும். உயிர் காக்கும் அந்தத் தடிமனே இன்னொரு உயிரை மறைக்கவும் செய்கிறது. வளைவில் திரும்பும்போது எதிரே வரும் ஒரு முழு மோட்டார் சைக்கிளும் அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். காரும் பைக்கும் ஒரே வேகத்தில் கோணம் மாறினால் மறைவு தொடர்ந்துகொண்டே இருக்கும். அனுபவப்பட்ட ஓட்டுநர் திரும்புமுன் உடலை முன்னும் பின்னும் சற்றே அசைத்துத் தூணைச் சுற்றிப் பார்ப்பார். எந்தப் பயிற்சிப் பள்ளியும் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக, தொடுதிரை. கார்களின் பொத்தான்களும் திருகுகளும் பத்துப் பதினைந்து வருடங்களில் ஒரு பெரிய கண்ணாடித் திரைக்குள் போய்விட்டன. பார்க்க அழகு. ஆனால் கைக்கு? விசிறியின் திருகை விரல் பார்க்காமலே கண்டுபிடிக்கும். அதற்கு உருவம் உண்டு, சொரசொரப்பு உண்டு, ஒவ்வொரு நிலைக்கும் ‘கடக்’ என்றொரு உணர்வு உண்டு. வழுவழுப்பான திரையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. கண்தான் போக வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கண் இரண்டு விநாடி சாலையை விட்டு விலகினால் வண்டி 50 மீட்டர் குருடாக ஓடியிருக்கும். மாடல் டி காலத்து மனிதர் விரல் நுனியால் ஆக்ஸிலேட்டரைத் தள்ளினார். அதைக்கூடப் பார்க்காமலே செய்தார்.

இதை உணர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் தன் மதிப்பீட்டில் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ லிவரோ கைக்கு எட்டும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று அறிவித்தது. வோல்க்ஸ்வாகன் நிறுவனமும் இனி வரும் கார்களில் ஒலியளவு, இரு பக்கத்து வெப்பநிலை, விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்குத் திரைக்குக் கீழே உண்மையான பொத்தான்களை வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. பீட்டில் ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டப்போகும் அந்தக் கார்களில், இருட்டிலும் விரல் தானாகத் தேடிப் பிடிக்கும் இடத்தில் அவை இருக்கும்.